ஒன்றரை ஸ்பீடு

என் ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் (வயது இருபத்தாறு, பிரம்மச்சாரி, மேன்ஷன்வாசி) எல்லாப் படங்களையும் ஒன்றரை ஸ்பீடில்தான் பார்க்கிறார். மூன்று மணி நேரப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதாம்.

'மிச்சமாகிற ஒரு மணி நேரத்தில் என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டேன்.

'இன்னொரு படத்துல பாதி பார்த்துடுவேன் சார்.'

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. டூரிங் டாக்கீஸ் காலத்தில் ஆபரேட்டருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்றால் ஒரு ரீலை முழுங்கிவிடுவார். கதாநாயகி கல்யாணத்துக்கு முன்பே கையில் குழந்தையோடு வருவாள். தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். இப்போது அந்த ஆபரேட்டர் உத்தியோகத்தை நம் கையில் கொடுத்துவிட்டார்கள். நம்மைப் பார்த்து விசிலடிக்கத்தான் ஆள் இல்லை.

நண்பர் அப்படிப் பார்த்து, 'சார், ஒண்ணுமே இல்லை, ஒரு ஆட்டோ போயிட்டே இருக்கு' என்று தள்ளுபடி செய்த படம் 'கொட்டுக்காளி'. 2024-ல் வந்தது. பி.எஸ். வினோத்ராஜ் டைரக்ஷன். இதற்கு முன் இவர் எடுத்த 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் பரிசு வாங்கியது. வாங்கி என்ன, நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது. வேற்று சாதிப் பையனைப் பிடித்துவிட்டது என்பதற்காக ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஓட்டுகிறவரிடம் அழைத்துப் போகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவலும் கூடவே வருகிறது. அந்தப் பெண் (அன்னா பென்) படம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. கட்டிக்கொள்ள வேண்டிய மாமனாக சூரி, தொண்டை கட்டிய குரலில் கரகரக்கிறார். இரண்டு மூன்று வருஷம் முன்பு வரை பரோட்டாவை நினைக்காமல் இந்த மனிதரை நினைக்க முடியுமா? இதில் அவர் கோபத்தைப் பார்த்தால் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடத் தோன்றுகிறது.

பின்னணி இசை கிடையாது. சுத்தமாகக் கிடையாது. வண்டிச் சத்தம், காற்று, சேவல், அவ்வளவுதான். நமக்கோ சோகத்துக்கு வயலின் வைத்தால்தான் சோகம் என்று தெரியும். வாசிக்காமல் விட்டதும் முதல் பத்து நிமிஷம் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. அதற்கப்புறம் அந்த ஆட்டோவில் நாமும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். பெரியவர்கள் பேச்சு, நடுநடுவே ஒரு சிரிப்பு, வழியில் ஒரு காளை மாடு மறிக்க ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் முழிக்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை அலட்டாமல் ஓட்டிக்கொண்டு போகிற இடம். இதை ஒன்றரை ஸ்பீடில் ஓட்டினால் மாடு போகிறதுதான் தெரியும். அந்த ஆண்களின் முகம் தெரியாது.

முடிவு என்ன ஆயிற்று என்று சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். தியேட்டரில் இதற்குச் சிலர் கோபப்பட்டார்களாம். வீட்டில் கோபப்பட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

*

சீக்கிரம், சீக்கிரம் என்கிற இந்த அவசரம் படம் எடுக்கிறவர்களையும் விடவில்லை. 'மெய்யழகன்' (2024, செப்டம்பர்) வெளியாகிச் சில நாட்களிலேயே நீளம் என்று புகார் வந்து, சுமார் 18 நிமிஷத்தைக் கத்தரித்தார்கள். '96' எடுத்த பிரேம்குமாரின் படம். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அரவிந்த்சாமி, இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊர்ப்பக்கம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே பஸ் ஏறிவிட வேண்டும் என்பது அவர் உத்தேசம். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறார் கார்த்தி. யார் இவன் என்று அரவிந்த்சாமிக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம்.

இந்த ஒரு கூச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க ஓட்டியிருப்பதுதான் சாமர்த்தியம். கல்யாண மண்டபத்தில், 'என்னை யாருன்னு தெரியுதா?' என்று ஒருவர் வழிமறித்தால் நம் வயிற்றில் எதுவோ புரளுமே, அதேதான். 'தெரியாம என்ன, சௌக்கியமா?' என்று சமாளித்துவிட்டு மனைவியிடம் கண்ஜாடையில் உதவி கேட்போம். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி பந்திக்குப் போய்விடுவாள்.

சரித்திரம், ஜல்லிக்கட்டு என்று கார்த்தி நீளமாகப் பேசும்போது எனக்கும் ஒருமுறை கொட்டாவி வந்தது. ஆனால் ஊரில் ராத்திரி மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் எந்தக் காலத்தில் சுருக்கமாகப் பேசியிருக்கிறார்கள்? தொடர்பில்லாமல் பேசுவதுதானே அந்தப் பேச்சின் ருசி. கொட்டாவியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்த 'லப்பர் பந்து' பற்றி இரண்டே வரி. அட்டகத்தி தினேஷ் 'கெத்து' என்ற பெயரில் நாற்பதைத் தாண்டியும் பந்தைப் பொளக்கிற ஊர் பேட்ஸ்மேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் மைதானத்துக்கு ஓடுகிற ஒவ்வொரு புருஷனும் பார்க்க வேண்டிய படம், பெண்டாட்டியோடு அல்ல.

*

இதெல்லாம் ஊர்க்கதை. இனி ஆபீஸ் கதை.

'செவரன்ஸ்' என்று ஆப்பிள் டி.வி.யில் ஒரு தொடர். 2022-ல் முதல் சீசன். இரண்டாவதை 2025 ஜனவரியில்தான் காட்டினார்கள். நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருஷம். அதுவும் முழு சீசனையும் மொத்தமாகக் கொட்டாமல் வாரம் ஒன்றாக எடுத்து வைத்தார்கள். நம் ஒன்றரை ஸ்பீடு ஆசாமி துடித்துப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். லூமன் என்று ஒரு கம்பெனி. அதில் ஒரு தளத்தில் வேலைக்குச் சேர வேண்டுமானால் மூளையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். லிஃப்டில் கீழே இறங்கினதும் வீட்டு ஞாபகம் அத்தனையும் அழிந்துவிடும். பெண்டாட்டி, பிள்ளை, வாடகை பாக்கி எதுவும் நினைவிருக்காது. சாயங்காலம் லிஃப்டில் மேலே வந்தால் ஆபீஸ் ஞாபகம் போய்விடும். பகல் முழுக்க என்ன வேலை பார்த்தோம் என்பதே தெரியாது.

'சூப்பர் ஸ்கீம் சார்! நம்ம ஆபீஸ்ல எப்ப வரும்?' என்றார் நண்பர். இதைக் கேட்ட யாரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள். மானேஜர் திட்டினது வாசலோடு போச்சு. சண்டே ராத்திரி வயிற்றைக் கலக்காது.

ஆனால் உள்ளே இருக்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் லிஃப்டில் ஏறுகிறான். கதவு மூடுகிறது. திறக்கிறது. மறுநாள் காலை! அவனைப் பொறுத்தவரை வீட்டுக்குப் போகவே இல்லை. தூங்கினதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். சம்பளம் வாங்குகிறவன் வெளியே இருக்கிறான். உழைக்கிறவன் உள்ளேயே கிடக்கிறான். ஒருத்தி ராஜினாமா செய்யத் துடிக்கிறாள். அதை மறுப்பது யார் தெரியுமா? வெளியே இருக்கிற அவளேதான். நீ ஒரு ஆளே இல்லை, ஆள் நான்தான் என்கிற தோரணையில் தனக்குத்தானே வீடியோவில் பதில் அனுப்புகிறாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அவர்கள் பார்க்கிற வேலை இருக்கிறதே, அது இன்னும் கூத்து. திரையில் நம்பர்கள் மிதக்கும். பார்க்கும்போது எந்த நம்பர் பயமாக இருக்கிறதோ அதைப் பிடித்து ஒரு டப்பாவில் போட வேண்டும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. (மார்ச் மாசத்தில் ஸ்டேட்மென்ட் போட்டவர்களுக்கு இது புதுசே இல்லை.) நன்றாகப் போட்டால் பரிசு உண்டு. விரலை மாட்டிக்கொள்கிற ஒரு விளையாட்டுச் சாமான், தர்பூசணி, முலாம்பழம் நறுக்கி வைத்த பார்ட்டி, அஞ்சு நிமிஷம் பாட்டுப் போட்டு ஆட அனுமதி. வருஷா வருஷம் தீபாவளிக்கு நமக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முந்திரி தருவார்களே, அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தொடரைப் பார்க்கக் கூடாது. முந்திரி இறங்காது.

கதாநாயகன் அந்த ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வதற்குக் காரணம், அவன் மனைவி இறந்துபோனது. தினம் எட்டு மணி நேரமாவது அதை மறந்திருக்கலாமே என்று. சிரித்துக்கொண்டே பார்த்துவந்த எனக்கு இது தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. வீட்டில் ஒரு சாவு விழுந்து, காரியம் முடிந்த கையோடு ஆபீசுக்கு வந்து ஃபைலை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'இன்னும் ரெண்டு நாள் லீவ் போட்டிருக்கலாமே' என்போம். 'வீட்ல உக்கார முடியலை சார்' என்பார்கள்.

*

வாரம் ஒரு எபிசோடு என்றதும் 'மர்ம தேசம்' ஞாபகம் வராதவர்கள் முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் இரண்டாம் பாதி. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்ஷன். 'விடாது கருப்பு' ஓடிய நாட்களில் ராத்திரி குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதாகக் கட்டடங்கள் நெருக்கியடித்த மாம்பலத்தில்கூடச் சிலர் சத்தியம் பண்ணினார்கள். மாம்பலத்தில் குதிரைக்கு ஏது பார்க்கிங்? கொலையாளி யார் என்று ஒரு வாரம் முழுக்கக் கேன்டீனில் ஆளுக்கொரு தியரி. இப்போது ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடும் பார்த்துவிட்டுக் காலையில் கண் சிவக்க வருகிறவனிடம் தியரி கேட்டால், முடிவைச் சொல்லிவிடுகிறான் படுபாவி.

அதே நாகா 2024 செப்டம்பரில் 'தலைவெட்டியான் பாளையம்' என்று பிரைமில் எட்டு எபிசோடு தந்தார். இந்தியில் 2020-ல் தொடங்கிய 'பஞ்சாயத்'தின் தமிழ் வடிவம். பஞ்சாயத்துத் தலைவர் தம்பதியாக யார் என்கிறீர்கள்? சேத்தனும் தேவதர்ஷினியும்! 'விடாது கருப்பு'வில் நடித்த அதே ஜோடி. நிஜ வாழ்க்கையிலும் ஜோடி. இவர்களைச் சேர்த்துப் பார்த்த சந்தோஷத்திலேயே எனக்கு முதல் எபிசோடில் என்ன நடந்தது என்று சரியாகப் பதியவில்லை. (கதாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜன் அதே வருஷம் நவம்பரில் மதுரையில் காலமானார்.)

இரண்டையும் பார்த்தவர்கள் இந்தி ஒசத்தியா, தமிழ் ஒசத்தியா என்று அடித்துக்கொள்கிறார்கள். காட்சிக்குக் காட்சி அப்படியே எடுத்துவிட்டதால் தமிழ்க் கிராமத்துக்கே உரிய வம்பு கொஞ்சம் குறைச்சல் என்பது என் கட்சி. டீக்கடை இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தப் பஞ்சாயத்து நடந்திருக்கிறது?

ஆனால் இந்தி மூலத்தின் முதல் சீசன் கடைசி எபிசோடுக்காக எதையும் மன்னிக்கலாம். ஃபுலேரா கிராமத்தின் பிரதான் சட்டப்படி மஞ்சு தேவி, அதாவது நீனா குப்தா. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது புருஷன் ரகுவீர் யாதவ். ஊரில் எல்லோரும் அவரைத்தான் 'பிரதான்ஜி' என்கிறார்கள். அந்த அம்மாள் அடுப்படியில் இருக்கிறார். குடியரசு தினத்தன்று பெண் கலெக்டர் கண்டிப்பாக நிற்கிறார், தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் கொடியேற்ற வேண்டும், அவர்தான் தேசிய கீதம் பாட வேண்டும் என்று. அந்த அம்மாளுக்குப் பாடத் தெரியாது. அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டு, நடுவில் தடுமாறி, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு பாடி முடிக்கிறார். தேசிய கீதத்தை நான் சஸ்பென்ஸோடு கேட்டது அதுதான் முதல் தடவை.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1992-ல் வந்து, உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்றானது. தமிழ்நாட்டில் 2016-ல் அதைச் சரிபாதியாக்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் தலைவியின் கணவர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த எபிசோடைச் சிபாரிசு செய்யலாம். பார்த்துவிட்டு, 'காமெடி நல்லா இருக்கு' என்பார்கள்.

*

ஒரு ஜப்பானியப் படம். டைரக்டர் மட்டும் ஜெர்மன்காரர், விம் வெண்டர்ஸ். 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023). டோக்கியோவில் கக்கூஸ் கழுவுகிற ஒருவரின் தினசரி வாழ்க்கை. இதைச் சொன்னதுமே மேன்ஷன் நண்பர் எழுந்து போய்விட்டார்.

ஹிராயாமா என்ற அந்த மனிதர் (கோஜி யாகுஷோ, இதற்காக கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார்) விடிவதற்கு முன்பு எழுகிறார். செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். வாசலில் இருக்கிற மெஷினில் காசு போட்டு டப்பா காபி வாங்குகிறார். வேனில் கேசட் போட்டுப் பாட்டுக் கேட்கிறார். ஆமாம், கேசட்! போகிற இடங்களில் கக்கூஸைத் துடைக்கிறார். அதுவும் எப்படி? கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைக்கிறார். மத்தியானம் மரத்தடியில் சாண்ட்விச், இலை நடுவே விழுகிற வெயிலை ஒரு போட்டோ. ராத்திரி புத்தகம். தூக்கம். மறுநாளும் இதே. மூன்றாவது நாள் அவர் காபி வாங்கும்போது நமக்கும் தொண்டையில் இறங்குகிறது.

எவனோ ஒருவன் ஒரு கக்கூஸில் காகிதத்தில் பெருக்கல் குறி, வட்டம் போடுகிற ஆட்டத்தை ஆரம்பித்துச் சுவர் இடுக்கில் செருகி வைத்துவிட்டுப் போகிறான். இவர் எடுத்து ஒரு கட்டத்தை நிரப்பித் திருப்பி வைக்கிறார். தினம் ஒரு கட்டம். இருவரும் பார்த்துக்கொள்வதே இல்லை. படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சிநேகிதம் இதுதான்.

கடைசியில் வண்டி ஓட்டிக்கொண்டே நினா சிமோனின் பாட்டைக் கேட்டபடி அந்த முகம் சிரித்து, அழுது, மறுபடி சிரித்து... வெட்டாமல் காட்டுகிறார்கள். அதை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன்.

அப்புறம் படுக்கையில் புரளும்போது ஒரு சந்தேகம் வந்தது. படம் பூரா கக்கூஸ், ஆனால் ஓர் இடத்திலாவது அசிங்கத்தைக் காட்டினார்களா? இல்லை. அவை நிஜமாகவே டோக்கியோவில் ஷிபுயா பகுதியில் பெரிய பெரிய ஆர்க்கிடெக்டுகள் கட்டிய கழிப்பறைகள். மொத்தம் 17. ஷிகேரு பான் கட்டிய ஒன்று கண்ணாடிச் சுவரில் நிற்கிறது. உள்ளே போய்த் தாழ் போட்டால்தான் கண்ணாடி மங்கலாகும். (நம்ம ஊரில் தாழ்ப்பாள் இருக்கிற கக்கூஸைத் தேடுவதே ஒரு பிரயாணம்.) தவிர, ஹிராயாமா வசதியான வீட்டுப் பிள்ளை என்பதற்கும் ஒரு ஜாடை இருக்கிறது. தங்கை டிரைவர் வைத்த காரில் வந்து இறங்குகிறாள். ஆக, அவர் இந்த வேலையைத் தேடி எடுத்துக்கொண்டவர். வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போக அவருக்கு ஒரு வீடு இருந்திருக்கும்.

நம் ஊரில் இந்த வேலையில் இருப்பவர்களை யார் கேட்டு இறக்கினார்கள்? அதனால் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கையோடு 'விட்னஸ்' படத்தையும் பார்ப்பது நல்லது. 2022-ல் வந்த தமிழ்ப் படம், தீபக் டைரக்ஷன். சென்னையில் துப்புரவு வேலை பார்க்கிற ஒரு தாய் (ரோகிணி). நீச்சல் வீரனான அவள் பிள்ளையைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறார்கள். அவன் திரும்புவதில்லை. அதற்கப்புறம் கோர்ட், வாய்தா, சாட்சி. மலத்தை மனிதன் அள்ளக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தாயிற்று. தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்கள் செய்தி அதற்குப் பிறகும் பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது, பெரும்பாலும் உள்பக்கத்தில். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' டாக்குமென்டரியை (2017) என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. மூன்று தவணையில் பார்த்தேன். அதைத் தினம் செய்கிறவர்களுக்குத் தவணை கிடையாது.

ஹிராயாமாவை இப்போதும் பிடிக்கிறது. ஆனால் அவர் மரத்தடியில் உட்கார்ந்து வெயிலை ரசிக்கிற இடத்தில் ரோகிணியின் முகம் குறுக்கே வருகிறது.

*

கடைசியாக 'அடோலசன்ஸ்'. நெட்ஃப்ளிக்ஸ், 2025 மார்ச். இங்கிலாந்து. மொத்தமே நாலு எபிசோடு. ஒவ்வொன்றும் ஒரே ஷாட். நடுவில் வெட்டே கிடையாது. காமிரா வேனுக்குள் ஏறுகிறது, இறங்குகிறது, ஸ்கூலுக்குள் ஓடுகிறது, ஜன்னல் வழியாக வெளியே குதிக்கிறது, ஓரிடத்தில் டிரோனில் தொற்றிக்கொண்டு ஊருக்கு மேலே பறந்து போய் இறங்குகிறது. யாராவது ஒருவர் கடைசி நிமிஷத்தில் தும்மினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். இந்த வித்தையெல்லாம் முதல் ஐந்து நிமிஷம்தான் கவனத்தில் இருக்கும். அப்புறம் மறந்துவிடும்.

விடிகாலையில் போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறது. கொலைக் குற்றம். யாரைப் பிடிக்க வந்தார்கள் என்று பார்த்தால் கட்டிலில் பதின்மூன்று வயதுப் பையன். பயத்தில் பைஜாமாவிலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறான். கூடப் படிக்கிற பெண்ணைக் கத்தியால் குத்தியதாக வழக்கு. அவன் செய்தானா என்பது முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடுகிறது. மிச்ச மூன்றும் ஏன் என்பதற்கு.

இரண்டாவது எபிசோடில் துப்பறிகிற அதிகாரி அந்த ஸ்கூலுக்கு வருகிறார். அவர் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறான். கொலையான பெண் இன்ஸ்டாகிராமில் அந்தப் பையனுக்குப் போட்ட பொம்மைக் குறிகளைப் பார்த்து, இரண்டு பேரும் சிநேகிதம் என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. தனியே கூப்பிட்டு, அப்பா நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எல்லார் முன்னாடியும் அசடு வழியறீங்க என்று ஆரம்பித்து, ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் சொல்கிறான். இந்த நிற இதயத்துக்கு ஒரு அர்த்தம், அந்த நிறத்துக்கு வேறு. அந்த பீன்ஸ் விதை ஒரு கேலி. நூறு என்ற குறிக்குப் பின்னால், பெண்களில் எண்பது சதவீதம் பேர் ஆண்களில் இருபது சதவீதத்தினரைத்தான் விரும்புவார்கள், மற்றவன் எல்லாம் தேறாத கேஸ் என்று ஒரு சித்தாந்தமே இருக்கிறது. இதைப் பதின்மூன்று வயதில் ஒருவன் நம்பிவிட்டான். அப்பாவுக்கு விரல்ரேகை தெரியும், தடயம் தெரியும். இது தெரியவில்லை.

மூன்றாவது எபிசோடில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அந்தப் பையனும் அவனைப் பரிசோதிக்க வந்த மனோதத்துவப் பெண்ணும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பையன் குழந்தை மாதிரி சிரிக்கிறான், கெஞ்சுகிறான், அடுத்த கணம் எழுந்து நின்று அவளை ஒரு பார்வை பார்க்கிறான். அவ்வளவு சின்ன உடம்பில் அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? ஓவன் கூப்பர் என்ற இந்தப் பையனுக்கு இதுதான் முதல் வேஷம். இதில் முதலில் படமாக்கியதே இந்த மூன்றாவது எபிசோடைத்தானாம். 2025 செப்டம்பரில் எம்மி பரிசு வாங்கியபோது வயது 15. அவ்வளவு சின்ன வயதில் நடிப்புக்கு எம்மி வாங்கிய ஆண் வேறு யாரும் இல்லை.

நாலாவதில் பையன் குரல் மட்டும் போனில் வருகிறது. அப்பாவும் அம்மாவும் பெட்ரூமில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அப்பாவாக நடித்த ஸ்டீபன் கிரஹாம்தான் இதை எழுதிய இருவரில் ஒருவர். தன் அப்பா தன்னைப் பெல்ட்டால் அடித்தார், என் பிள்ளைகளைத் தொட மாட்டேன் என்று சபதம் செய்தேன், தொடவும் இல்லை என்கிறார். பிறகு? பையன் ஸ்கூல் விட்டு வருவான், நேரே மாடிக்குப் போவான், கதவைச் சாத்திக்கொள்வான். ராத்திரி ஒரு மணிக்கும் விளக்கு எரியும். ஊர் சுற்றவில்லை, கெட்ட சகவாசம் இல்லை, வீட்டுக்குள்ளேதானே இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்தோம் என்கிறார்கள். சாதாரணமாகப் பேசுகிற வசனம்தான். நாலு எபிசோடில் என்னை உலுக்கியது அதுதான்.

இங்கிலாந்தில் இதை ஹைஸ்கூல்களில் இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். இங்கே யார் காட்டுவது?

என் அக்கா பையன் பத்தாம் வகுப்பு. லீவுக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில், 'ஏண்டா, இந்த பொம்மைக்கெல்லாம் நிஜமாவே வேற அர்த்தம் இருக்கா?' என்று கேட்டேன்.

'நீங்க எல்லாத்துக்கும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டறீங்களே மாமா, அதுக்கே வேற அர்த்தம்.'

'என்ன?'

'கோவமா இருக்கீங்கன்னு. அம்மா, நீங்க, தாத்தா மூணு பேரும் வருஷம் பூரா கோவமாவே இருக்கீங்க.'

சிரித்தேன். சரி, உங்க கிளாஸில் இந்த எண்பது, இருபது எல்லாம் உண்டா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

'ரெண்டு பேர் அப்படிப் பேசுவாங்க. பொண்ணுங்க எல்லாம் காசுக்குத்தான், ஏமாத்திடுவாங்கன்னு. வீடியோ அனுப்புவாங்க.'

'நீ என்ன சொல்வே?'

'சிரிச்சுட்டு வந்துடுவேன்.'

'சிரிப்பா இருக்கா அது?'

'சிரிக்கலைன்னா அடுத்தது என்னைப் பத்தி எழுதுவாங்க மாமா.'

மேற்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை. டி.வி.யில் முதல் எபிசோடைப் போட்டேன். கதவு உடைகிற சத்தத்துக்கு ஹாலுக்கு வந்தவன் முதலில் நின்றுகொண்டே பார்த்தான். போலீஸ் ஸ்டேஷன் வந்ததும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். இரண்டாவது எபிசோடில் அந்தப் பையன் அப்பாவுக்குப் பொம்மைப் பாடம் நடத்துகிற இடத்தில் என் பக்கம் ஒரு தடவை திரும்பினான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, 'என்ன படம்டா?' என்றாள்.

'இங்கிலீஷ் படம்மா. உனக்குப் புரியாது.'

'புரியும்' என்று சொல்லி நகர்ந்து அவளுக்கும் இடம் விட்டேன். மூன்றாவது எபிசோடு ஆரம்பமாகியிருந்தது.